வீரலட்சுமி எழுதிய மயானைஸ்

வீரலட்சுமிக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது எதுவோ அது சத்தமாகக் கீழே இறங்கும். கரண்டியாகவும் இருக்கலாம், எவர்சில்வர் தட்டாகவும் இருக்கலாம், சமயத்தில் இருபது லிட்டர் குண்டானாகவும் இருக்கலாம். வாய் மட்டும் திறக்காது. மூக்கண்டப்பள்ளி சிப்காட்டில், கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் அவள் பதினொரு வருஷமாகச் சமையல் செய்தவள். அந்தப் பதினொரு வருஷத்தில் வாயைத் திறந்த இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை. காலையில் எதிர்த்துப் பேசினால் மத்தியானத்துக்குள் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள்.

அதனால் அவள் கோபம் சாக்பீஸ் வழியாக வெளியே வந்தது. கேன்டீன் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அன்றன்றைய சாப்பாட்டை எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். தாளிக்கிற ஆளுக்கு லீவு கொடுத்துவிட்டு மாற்று ஆள் அனுப்பாத அன்றைக்கு, தக்காளி ரசம் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘தக்க ஆளில்லா ரசம்’ என்று எழுதினாள். மோரில் தண்ணீரை ஊற்றிப் பெருக்கச் சொன்ன அன்றைக்கு ‘மோர், நோ மோர்’. உப்பு மூட்டை வராத ஒரு காலையில் ‘உப்பும்மா? இல்லம்மா’. வயர் கட்டும் பெண்கள் அறுநூறு பேரும் சாப்பிட வரும்போது முதலில் பலகையைத்தான் பார்ப்பார்கள். சிங்காரப்பேட்டைப் பெண் ஹரிணி, இருபது வயசு, வரிசையில் நின்றபடி செய்தி வாசிக்கிற குரலில் அதைப் படித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். வீரலட்சுமி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் சிரிப்பதற்காக எழுதவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி மாதம், கேன்டீனை நடத்தும் கான்ட்ராக்ட் கம்பெனி புது மேனேஜரை அனுப்பியது. மோகன்குமார், முப்பத்திரண்டு வயசு, திருச்சிக்காரர். சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு போன். வந்த முதல் வாரமே சாயங்காலப் பலகாரத்தை மாற்றினார். சுண்டல், போண்டா எல்லாம் பழசாம். பெண்கள் வேலை முடிந்து போகிற வழியில் ரோட்டுக் கடையில் ரோலும் சவர்மாவும் வாங்கித் தின்கிறார்களாம். அதையே நாம் கொடுத்தால் நமக்கு நல்ல பேராம். ஆக, பிரட் சாண்ட்விச். உள்ளே முட்டைக்கோஸும் கேரட்டும். அதன் மேல் தாராளமாக மயோனைஸ்.

பச்சை முட்டையும் எண்ணெயும் பூண்டும் எலுமிச்சைச் சாறும் மிக்ஸியில் ஓட, வெள்ளையாக, கெட்டியாக, பளபளவென்று ஒன்று திரண்டு வந்தது. சமையலறையே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தது. கூடச் சமைக்கிற சரோஜம்மாள் பாகலூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். விரலில் தொட்டு நக்கிவிட்டு, “மாயம்மா இது. எண்ணெய ஊத்துனா நெய்யி மாதிரி வருது. மாய நெய்யி,” என்றாள். மூட்டை தூக்குகிற ஆஞ்சப்பன் கன்னடக்காரன். அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. “அக்கா, எங்க பாசைல மைநோவுன்னா உடம்பு வலி. இதுக்குப் பேரு மையோனைஸ் இல்ல, மைநோவு. தின்னவன் மறுநாள் எந்திரிக்க மாட்டான், பாரு.”

வீரலட்சுமியும் ருசி பார்த்தாள். “உப்பு இருக்கு, புளிப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு. ஆனா ஒரு கருத்தும் இல்லையே! எது மேல போட்டாலும் சரி சரின்னு படுத்துக்கிடும் போல. எங்க வீட்டுக்காரர் மாதிரி,” என்றாள்.

அவள் புருஷன் பெயர் வெள்ளைச்சாமி. பக்கத்துத் தெருவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. யார் என்ன சொன்னாலும் “இருக்கட்டும், பார்த்துக்கலாம்” என்கிற மனிதர். அன்றையிலிருந்து சமையலறையில் மயோனைஸ் வாளிக்குப் பெயர் வெள்ளைச்சாமி ஆயிற்று. ‘வெள்ளைச்சாமிய இந்தப் பக்கம் தள்ளு’, ‘வெள்ளைச்சாமிய மூடி வை’ என்று பேசிக்கொண்டார்கள். எப்படியோ அது அவர் காதுக்கும் போய்விட்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, “என் பேரை வாளிக்கு வச்சிருக்கியாமே,” என்று கேட்டார். ஆமாம் என்றாள். “இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். மகள் மோகனப்ரியா காலேஜ் முதல் வருஷம். இட்லிக்கே மயோனைஸ் தொட்டுத் தின்கிற கட்சி. அவள் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனாள்.

விளையாட்டெல்லாம் அதுவரைதான்.

கேன்டீனில் பெரிய பிரிஜ் பழுதாகிக் கிடந்தது. சின்னதில் பாலும் தயிரும் வைக்கவே இடம் பத்தாது. மயோனைஸைக் காலை பத்து மணிக்கே அடித்து வாளியில் நிரப்பி அடுப்பு மேடை ஓரமாக வைப்பார்கள். நாலு மணிக்குத்தான் பரிமாறுவது. மார்ச் பிறந்ததும் ஓசூரிலும் வெயில் கொளுத்தத் தொடங்கியது. தகரக்கூரைக்குக் கீழே, ஐந்து அடுப்பு எரிகிற இடத்தில், அந்த வாளி ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்.

“சார், இது பச்சை முட்டை. மூணு மணிக்கு அடிச்சா போதும். இல்லைன்னா அந்தப் பிரிஜ்ஜ ரிப்பேர் பண்ணிக் குடுங்க,” என்று வீரலட்சுமி மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும், “சொல்லியிருக்கேன்மா,” என்றார் மோகன்குமார், போனைப் பார்த்துக்கொண்டே.

அந்த வியாழக்கிழமை அவள் உள்ளே வந்தபோது ஆஞ்சப்பன் முந்தின நாள் மீந்த வாளியைப் புது வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மோகன்குமார். பழசில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மஞ்சளாக மிதந்தது. கிட்டே போனதும் வாடை முகத்தில் அடித்தது.

“சார், இதக் கொட்டிருவோம்.”

“புதுசோட சேர்த்து ஒரு அடி அடிச்சா சரியாயிடும்.”

“சேர்த்தா புதுசும் கெட்டுப்போகும் சார். பிள்ளைக திங்கிறது.”

மோகன்குமார் முதல் முறையாகப் போனிலிருந்து கண்ணை எடுத்தார். “வீரலட்சுமிம்மா, உங்க வேலை சமைக்கிறது. அப்புறம் போர்டுல ஜோக் எழுதுறது. அதோட நிறுத்திக்குங்க.”

ஜோக்! அவள் கையிலிருந்த தாம்பாளம் மேடை மேல் விழுந்த சத்தத்தில் சரோஜம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வீரலட்சுமி நேராக வாசலுக்குப் போனாள். சாக்பீஸை அழுத்திய அழுத்தில் அது இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டால், மற்ற எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதினாள்: ‘மாலை: பிரட் சாண்ட்விச், மயானைஸ்’.

எழுதி முடித்ததும் மனசு ஆறியது போல இருந்தது. அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை.

நாலு மணிக்கு மணி அடித்தது. பலகைக்கு முன்னால் ஒரே கும்மாளம். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள், ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஹரிணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இன்றைய சிறப்புச் செய்தி. மாலை நாலு மணிக்கு மயானைஸ்! அனைவரும் திரண்டு வாரீர்!” என்று வாசித்தாள். வரிசை முழுக்கக் கைதட்டல். தட்டை நீட்டினாள்.

“வேணாம்டி இன்னைக்கு. வெறும் பிரட்டு சாப்பிடு,” என்றாள் வீரலட்சுமி, மேனேஜருக்குக் கேட்காத குரலில்.

“ஐயோ அக்கா, மயானத்துக்கே வந்துட்டோம், பயந்தா ஆகுமா? இன்னொரு கரண்டி போடுங்க.”

பின்னால் வரிசை நெருக்கியது. வீரலட்சுமி போட்டாள். ஒன்றுக்கு இரண்டு கரண்டியாக, தன் கையாலேயே போட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் கேட்டுக்குள் நுழையும்போது ஆம்புலன்ஸ் ஒன்று, பெண்கள் தங்கும் ஹாஸ்டல் பக்கமிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே இரண்டு போயிருந்தன. நாற்பத்தொரு பெண்களுக்கு வாந்தி பேதி. பெரும்பாலானவர்கள் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றிச் சாயங்காலமே திரும்பினார்கள். ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். ஹரிணிக்கு உடம்பில் நீரெல்லாம் வற்றி, சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்திக்கொள்ளப் பார்த்தது. அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள்.

அன்று பத்து மணிக்கு வீரலட்சுமியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை வர வேண்டாம். காரணம், அந்தப் போட்டோ. பெண்கள் சிரித்துச் சிரித்து வைத்த ஸ்டேட்டஸ் போன் போனாகச் சுற்றி, கம்பெனி அதிகாரிகள் வரை போயிருந்தது. சமையல்காரி முந்தின நாளே மயானம் என்று எழுதியிருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? மேனேஜர் மேல் உள்ள காழ்ப்பில் எதையாவது கலந்திருப்பாளோ? கான்ட்ராக்ட் கம்பெனி அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தது.

மூன்றாம் நாள் மோகன்குமார் அவள் வீட்டுக்கே வந்தார். கையில் டைப் அடித்த ஒரு தாள். வெள்ளைச்சாமி அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, காபியும் கலந்து கொடுத்தார். அந்தக் காபியைப் பார்த்ததும் வீரலட்சுமிக்கு உச்சி கொதித்தது.

“வாளிய வெளிய வச்சது உங்க கவனக்குறைவு, போர்டுல எழுதுனது விளையாட்டுக்குன்னு போட்டிருக்கு. இது ரெண்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா மேல பேசி உங்களை வேற சைட்ல போட்டுடுவேன்,” என்றார் மோகன்குமார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தூங்கி இரண்டு நாள் இருக்கும். “எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்கம்மா. பழசைக் கொட்டக்கூடாதுன்னு சொல்றது நான் இல்ல.”

“அப்ப அத எழுதிக் குடுங்க.”

அவர் தாளை அவளிடம் நீட்டினார்.

“லட்சுமி, ஒரு கையெழுத்துதானே,” என்றார் வெள்ளைச்சாமி மெதுவாக. “இப்போதைக்குப் போட்டுட்டா...”

“நீங்க பேசாதீக!” பதினொரு வருஷம் வெளியே வராத சத்தம் அது. பக்கத்துப் போர்ஷன் கதவு திறந்தது. “அங்கிட்டு ஒரு பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இவருக்குக் காபி ஒண்ணு கேக்குதா? நாற்காலி ஒண்ணு கேக்குதா? எந்திரிங்க சார். அந்தத் தாளையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

அவர் போனபின் வெள்ளைச்சாமி டம்ளரைக் கழுவி வைத்தார். “வீட்டுக்கு வந்த ஆளை என்ன பண்றதுன்னு தெரியல, அதான் காபி போட்டேன்,” என்றார். அதற்கும் ஒரு மூச்சுத் திட்டு வாங்கினார். பிறகு இருவருமாக டவுன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஹரிணியைப் பார்க்க விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் அவள் அம்மா மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். சிங்காரப்பேட்டையில் ஒன்றரை ஏக்கர் வைத்து விவசாயம் பார்க்கிறவள். களை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். காலில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது.

வீரலட்சுமி தான் யார் என்று சொன்னதுமே மாதம்மாள் எழுந்து நின்றாள்.

“நீதானா அது? பலகையில எழுதுனவ நீதானா?”

“ஆமாம்மா.”

“கெட்டுப்போனது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினு சிரிப்புக் காட்டிகினு நின்னியா? ஏம்மா, அந்த வாளியத் தூக்கிக் கொட்ட உனக்குக் கையில்லையா? ‘தின்னாதீங்கடி, செத்துப்போயிடுவீங்க’ன்னு கத்த வாயில்லையா? எம்பொண்ணு உம்மேல ஒரு குத்தமும் சொல்லல, தெரியுமா. ‘அக்கா வேணாம்னாங்க, நான்தான் கேட்டு வாங்குனேன்’னு சொல்லிட்டுத்தான் மயக்கமானா. ஆனா நான் சொல்லுவேன். அந்த மேனேஜரு காசுக்குப் பண்ணான். நீ எதுக்கும்மா பண்ணே?”

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். உண்மைதான். அந்தக் காய்ந்த காலைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் கூசியது. வெள்ளைச்சாமி நீட்டிய பழப் பையை மாதம்மாள் வாங்கவில்லை. அவர்கள் அதை அங்கேயே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

வழி நெடுக வீரலட்சுமி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். மோகன்குமார் மேல் கோபம், அவருக்கு மேலே உள்ள பேர் தெரியாத ஆட்கள் மேல் கோபம், சிரித்துக்கொண்டே தட்டை நீட்டிய அறுநூறு பேர் மேலும் கோபம். எல்லாவற்றுக்கும் அடியில் தன் கையெழுத்தின் மேல் கோபம். அந்தச் சொல் அவ்வளவு நன்றாக அமைந்திருக்கக் கூடாது. மொண்ணையாக, ‘இது கெட்டுப்போச்சு, சாப்பிடாதீங்க’ என்று எழுதியிருந்தால் ஒருத்தியும் சிரித்திருக்க மாட்டாள்.

விசாரணை அடுத்த திங்கட்கிழமை. கம்பெனியின் மனிதவள அதிகாரி சுஜாதா மேஜைக்கு அந்தப் பக்கம். உள்ளூர்க்காரர், மூன்று பாஷையும் பேசுவார். பலகைப் போட்டோவைக் கலரில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

“இது நீங்க எழுதினதா?”

“ஆமா மேடம்.”

“விளையாட்டுக்குத்தானே?”

மோகன்குமார் ஓரத்து நாற்காலியில் தலையை நிமிர்த்தினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

“இல்ல மேடம். கோவத்துல எழுதுனது. பழசப் புதுசோட கலக்கிறதப் பார்த்தேன். கொட்டுவோம்னேன். ஜோக் எழுதுறதோட நிறுத்திக்கன்னாரு. அந்தக் கோவத்துல எழுதுனேன். பிரிஜ் ஓடலைன்னு மூணு வாட்டி சொன்னேன். இப்பக் கோவத்தையே விளையாட்டுன்னு கையெழுத்துப் போடச் சொல்றாக. நான் போட மாட்டேன். தெரிஞ்சும் அத என் கையாலயே பரிமாறுனேன் பாருங்க, அது என் தப்பு. அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க, எழுதிக்குங்க. ஆனா கலக்கச் சொன்னவுக பேரையும் அதே தாள்ல எழுதுங்க.”

ஆஞ்சப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஞாபகமில்லை என்றான். வாளியைக் கவிழ்த்தவனே அவன்தான்! வீரலட்சுமி நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுத்துச் சரோஜம்மாள். இரண்டு கேள்விக்குத் தமிழில் தட்டுத் தடுமாறினாள். பிறகு திடீரென்று தெலுங்கில் பொரிந்து தள்ளினாள். “நின்னதி கலிபினாரு மேடம், நின்னதி!” என்று மேஜையில் தட்டினாள். நேற்றையதைக் கலந்தார்கள் என்பதை மூன்று தடவை சொல்லிவிட்டு, யார் எங்கே நின்றார்கள், எத்தனை மணி, எந்த வாளி எல்லாவற்றையும் சொன்னாள். சுஜாதா நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனார்.

முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. கான்ட்ராக்ட் கம்பெனியை நீக்கினார்கள். மோகன்குமாரை வேறு ஏதோ மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அவருக்கு மேலே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்த கான்ட்ராக்டர் பழைய ஆட்களில் பத்துப் பேரை எடுத்துக்கொண்டார். சரோஜம்மாள் உண்டு, ஞாபகமில்லாத ஆஞ்சப்பனும் உண்டு. வீரலட்சுமி இல்லை. “பிரச்சினை பண்ற ஆளு,” என்றார்களாம். ஹரிணி பன்னிரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து ஊருக்குப் போனாள். ஒரு நாள் போனில் பேசினாள். “அக்கா, தயிர்சாதம் மட்டும்தான் இறங்குது,” என்றாள். பக்கத்தில்தான் அம்மா இருக்கிறாள் என்பது தெரிந்தது. அம்மா போனை வாங்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் மோகனப்ரியா பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வருஷம் தடை. “பாரும்மா, நீ சொன்னதையே கவர்மென்ட்டும் சொல்லிடுச்சு!”

வீரலட்சுமி செய்தியை இரண்டு தடவை படித்தாள். “ஒரு மாசம் முன்னாடி எங்க போயிருந்தாக இவுக?” என்று பேப்பரைச் சுருட்டி எறிந்தாள். வெள்ளைச்சாமி அதை எடுத்து நீவி மடித்து வைத்தார்.

மே மாதம் அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை கிடைத்தது. மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகம்; காலை பஸ்ஸில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து முக்கால் மணி நேரம். முதல் நாள் பதினொரு மணிக்கு அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். வெயில் விழுகிற ஜன்னல் திட்டில், மூடி திறந்து, ஒரு வெள்ளை டப்பா.

எழுந்தவள் ஒருத்தரையும் கேட்கவில்லை. டப்பாவைத் தூக்கினாள், பின்பக்கச் சாக்கடைக்குப் போனாள், தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தட்டினாள். “யாரும் திங்கக்கூடாது! யாராவது வெயில்ல வச்சீகன்னா கையை ஒடிப்பேன்!” என்று போட்ட சத்தத்தில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கேன்டீன் பொறுப்பாளர் வெங்கடப்பன், அறுபது வயசுக்காரர், பதறி ஓடி வந்தார். “ஏனு மாடிதெம்மா? ஏம்மா, வந்த முதல் நாளே...” காலி டப்பாவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். “அம்மா, இது கம்பெனி சரக்கு. இதுல முட்டையே இல்ல. காலையிலதான் பிரிச்சது.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வீரலட்சுமி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு நின்றது. “முட்டை இல்லைன்னா இருக்கட்டும். பிரிச்சத வெயில்ல எதுக்கு வச்சீக? பிரிஜ் ஓடுதா, இல்லையா?”

“ஓடுதும்மா.”

“அப்ப அதுல வைங்க.”

வெங்கடப்பன் கொஞ்ச நேரம் அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, இனிமேல் திறந்த சாமான் எதுவும் ஜன்னலில் இருக்கக்கூடாது என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். வீரலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். காது இன்னும் கொதித்தது. இன்னும் இருபது கிலோ வெங்காயம் பாக்கி இருந்தது.